பழைய காரின் பெற்றோல் தாங்கி நசுங்கினால்: அறிகுறி பார்த்துச் செய்யும் திருத்தம்

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்கு அடிக்கடி போய்வரும் பழைய காரின் அடியில் படுத்துப் பார்த்தால், பெற்றோல் தாங்கியில் ஒரு நசுங்கலாவது இல்லாமல் இருப்பது அரிது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு ஆரையம்பதிப் பக்கத்திலிருந்து வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைக்குக் காரிலேயே போகிறோம். பிரதான வீதியில் பிரச்சினை இல்லை. அங்கிருந்து வயலுக்கும் குளத்தங்கரைக்கும் பிரியும் கிரவல் வீதிகளில்தான் அடி விழுகிறது. உழவு இயந்திரங்களின் பெரிய சில்லுகள் இரு பக்கமும் பள்ளம் பறித்துவிட, நடுவில் மேடு நிற்கும். மழை அரித்த மதகின் விளிம்பு ஒரு படியளவு எழுந்து நிற்கும். டிக்கியில் நெல்மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தாழ்ந்து வரும் மொரிஸ் மைனரோ பழைய சன்னியோ அதில் வயிற்றைத் தட்டாமல் தப்புவது கடினம்.

வாவிக்குக் கிழக்கே கடலோரமான எழுவான்கரையில் பகை வேறு. கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாக நிற்கும் வண்டிகளின் தாங்கியை உப்புக்காற்று வெளியிலிருந்து தின்றுகொண்டே இருக்கிறது. கறள் பிடித்து மெலிந்த தகடு சிறிய அடிக்கே கசியத் தொடங்கும்.

நசுங்கலைக் கண்டவுடன் பலரும் கேட்கும் கேள்வி, "இதை எப்படி நிமிர்த்துவது?" என்பதே. அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. தாங்கியின் தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்புத்தான். ஒருமுறை மடிந்த தகட்டை மறுபடி எதிர்ப்பக்கம் மடிக்கும்போது அந்த மடிப்பிலேயே வெடிப்பு விழுகிறது. நன்றாக இருந்த தாங்கியை அழகுக்காக நிமிர்த்தப் போய்க் கசியவிட்ட கதைகள் எந்தக் கராஜிலும் உண்டு. ஆகவே வண்டி என்ன அறிகுறி காட்டுகிறது என்று பார்த்து, அதற்கு வேண்டிய வேலையை மட்டும் செய்யுங்கள்.

தொடுவதற்கு முன்

நிறைந்த தாங்கியைவிட வடித்தெடுத்த தாங்கியே ஆபத்தானது. தீப்பிடிப்பது பெற்றோலின் ஆவி. காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 வீதம் வரை அந்த ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும். வெறுமையான தாங்கிக்குள் இருப்பது பெரும்பாலும் இந்தக் கலவைதான். பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் குளிரிலும் எரியக்கூடிய ஆவியை விடும் பொருள் பெற்றோல்; நம்மூர் வெயிலில் அது என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. மேலே கலைந்து போகாமல் தரையோடு ஊர்ந்து, கராஜின் குழி இருந்தால் அதற்குள் இறங்கித் தேங்கும்.

அதனால் இந்த வேலையைக் குழிக்கு மேல் செய்ய வேண்டாம். காற்றோட்டமான வெளியில், நிழலில், காலையில் தொடங்குங்கள். மாலைக்கு இழுபட்டால்தான் ஆபத்துகள் சேர்ந்து வரும்: யாராவது நுளம்புத்திரி கொளுத்துவார்கள், மின்சாரம் போனால் குப்பி விளக்கு வரும், வீட்டுக்குள் சாமிப்படத்துக்கு முன் விளக்கு எரியும். வீட்டில் உள்ள எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உலர்பொடித் தீயணைப்பான் இருந்தால் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்; இல்லையென்றால் மணல் நிறைந்த வாளிகளாவது வேண்டும். எரியும் பெற்றோலில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.

பற்றரியின் நெகற்றிவ் வயரை முதலில் கழற்றுங்கள். பெற்றோலை மூடியுள்ள உலோகக் கானுக்குள் வடியுங்கள். பிளாஸ்டிக் வாளியில் ஊற்றும்போது நிலைமின்னால் பொறி எழலாம். 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் ஹோஸை வாயால் உறிஞ்சிப் பெற்றோல் இறக்கும் பழக்கம் பலருக்கும் வந்துவிட்டது. அதை விட்டுவிடுங்கள். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனாலே உயிருக்கு ஆபத்து. தவறி விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். கையால் அமுக்கும் ரப்பர் பம்ப் மோட்டார் உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கிறது.

நசுங்கல் எப்படி வந்தது என்று படியுங்கள்

கல் அடித்ததென்றால் பெயின்ற் உரிந்து, நீளமான கீறலின் முடிவில் கூரான பள்ளம் இருக்கும். ஜக் வைத்து நசுக்கியதென்றால் வட்டமான அல்லது சதுரமான அச்சு தெரியும். ரயர் மாற்றும் அவசரத்தில் தாங்கிக்கு அடியிலேயே ஜக்கை வைத்துத் தூக்குவது நடக்கிற காரியம். மூன்றாவது வகையைப் பலர் கவனிப்பதில்லை: கீறலே இல்லை, பெயின்ற் அப்படியே இருக்கிறது, ஆனால் தாங்கியின் அகன்ற முகம் முழுவதும் உள்வாங்கியிருக்கிறது. வெளியிலிருந்து எதுவும் அடிக்கவில்லை. உள்ளே வெற்றிடம் உண்டாகி, வெளிக்காற்று தாங்கியை நசுக்கியிருக்கிறது. இந்த வகையைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணத்தை நீக்காமல் புதுத் தாங்கி போட்டால் அதுவும் இப்படியே நசுங்கும்.

அறிகுறி: நசுங்கல் மட்டுந்தான், வேறு குறை இல்லை

கசிவில்லை, மணமில்லை, பெற்றோல் மீற்றர் சரியாகக் காட்டுகிறது, வண்டி இழுக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். கம்பித் தூரிகையால் கறளைச் சுரண்டி, கறள் தடுப்புப் பூச்சு அடித்து, மேலே கறுப்பு அடிப்பூச்சு போடுங்கள். பெயின்ற் போன இடம் உப்புக்காற்றில் ஒரு மாரிக்குள் துளையாகிவிடும். தாங்கியைத் தாங்கும் பட்டிகளின் ரப்பரையும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். ஈரத்தையும் உப்பையும் பிடித்துவைத்திருப்பது அந்த ரப்பர்தான். பல தாங்கிகள் நசுங்கிய இடத்தை விட்டுவிட்டுப் பட்டிக்குக் கீழேதான் ஓட்டையாகின்றன.

அறிகுறி: சிறிது தூரம் ஓடி நின்றுவிடுகிறது, ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது

வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் இப்படி நின்றால் எல்லோரும் வெக்கையைக் குறை சொல்வார்கள். குழாய்க்குள் பெற்றோல் கொதித்து ஆவியாகி அடைப்பதும் உண்மையில் நடப்பதுதான். ஆனால் இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை உண்டு. வண்டி நின்றவுடன், எதையும் ஆறவிடாமல், பெற்றோல் மூடியை மெதுவாகத் திறந்து காதைக் கொடுங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, வண்டியும் உடனே ஸ்டார்ட் ஆனால், குற்றம் வெக்கையுடையது இல்லை. தாங்கியால் மூச்சு விட முடியவில்லை.

பெற்றோல் வெளியேற வெளியேற அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். பழைய வண்டிகளில் பெரும்பாலும் மூடியிலேயே சிறு காற்றுத்துளை இருக்கும். சிலவற்றில் நிரப்புவாய்க்குப் பக்கத்தில் மெல்லிய மூச்சுக்குழாய் ஓடும். அது அடைபட்டால் பம்ப் இழுக்க இழுக்க உள்ளே வெற்றிடம் ஏறும். முதலில் வண்டி தடுமாறும், பிறகு நிற்கும், பலமான பம்ப் உள்ள வண்டியென்றால் தாங்கியே உள்வாங்கும்.

அடைப்புக்கு நம் பக்கத்தில் மூன்று காரணங்களைத் தேடலாம். தொலைந்த மூடிக்குப் பதிலாக வேறு வண்டியின் மூடியைப் போட்டிருப்பார்கள். திருகு பொருந்தும், துளை இருக்காது. அடுத்தது கிரவல் தூசி. மூன்றாவது, மண்கூடு கட்டும் குளவி. சில வாரம் ஓடாமல் நின்ற வண்டியின் மூச்சுக்குழாய் அதற்கு நல்ல வீடு. மெல்லிய கம்பியைச் செருகி மண்ணை வெளியே இழுங்கள். உள்ளே தள்ளினால் அது தாங்கிக்குள் விழும். துப்புரவாக்கிய பின் வெளிமுனையில் நுண்ணிய பித்தளை வலைத்துண்டு ஒன்றைக் கட்டிவிடலாம்.

மூடியைத் தளர்த்திவைத்து ஓடுவது வீடு வரையும் போவதற்கு மட்டும். பஸ்ஸுக்கு வழிவிட்டுக் குழியில் இறங்கும்போது தெறிக்கும் பெற்றோல் சைலன்சர் பக்கம் போகலாம்.

அறிகுறி: மீற்றர் கால்வாசி காட்டுகிறது, ஆனால் பெற்றோல் முடிந்துவிட்டது

தாங்கியின் அடி உள்ளே எழும்பியிருக்கிறது; அதனால் பெற்றோல் மட்டத்தை மீற்றருக்குச் சொல்லும் மிதவையின் கை கீழே முழுவதும் இறங்க முடியாமல் நசுங்கலின் மேல் உட்கார்ந்துவிடுகிறது. முள் ஓரிடத்துக்குக் கீழே ஒருபோதும் இறங்காது என்பதே இதன் அடையாளம். உன்னிச்சைக்கோ சாகாமத்துக்கோ போகிற வழியில், பெற்றோல் செட் எதுவும் இல்லாத இடத்தில் நின்றுபோவது இதனால்தான்.

முள் எப்போதும் அசையவே இல்லையென்றால் நசுங்கலைச் சந்தேகிக்காதீர்கள். தாங்கியிலிருந்து வண்டியின் உடலுக்குப் போகும் எர்த் வயரைப் பாருங்கள். உப்புக்காற்றில் அந்த இணைப்பு பச்சை பூத்துப் போயிருக்கும். இந்தச் சோதனைக்கு மட்டும் பற்றரி இணைந்திருக்க, சாவியைத் திருப்பி, மிதவைக்கு வரும் வயரைக் கழற்றி, தாங்கியின் வாயிலிருந்து தள்ளி, வண்டியின் உடலில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். முள் ஒரு பக்கம் முழுதாக ஓடினால் மீற்றரும் வயரும் நல்லவை. குறை மிதவையில் அல்லது எர்த்தில். கசிவோ மணமோ இருக்கும் நேரத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். சிறு பொறி எழும்.

நசுங்கல்தான் காரணம் என்று உறுதியானால், மிதவையை வெளியே எடுத்து அதன் கையைச் சற்று வளைத்து அளவு திருத்துவது தாங்கியை நிமிர்த்துவதைவிட எளிது. வளைத்த பின் கொஞ்சம் கொஞ்சமாகப் பெற்றோல் ஊற்றி, ஐந்து லீற்றருக்கு ஒருமுறை முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நசுங்கல் கொள்ளளவையும் குறைக்கும் என்பதை மறக்க வேண்டாம். மொரிஸ் மைனரின் தாங்கி ஆரம்ப வண்டிகளில் 5 கலன் (gallon), பிந்தியவற்றில் 6.5 கலன் கொண்டது. அந்தச் சிறிய தாங்கியில் மூன்று லீற்றர் குறைந்தாலே தூரப் பயணத்தில் தெரியும்.

அறிகுறி: பெற்றோல் இருக்கிறது, ஏற்றத்திலும் வேகத்திலும் இழுக்கவில்லை

உறிஞ்சுகுழாயின் நுனி தாங்கியின் அடியிலிருந்து சிறு இடைவெளி விட்டு நிற்கும். நசுங்கல் அந்த இடத்திலேயே விழுந்திருந்தால், எழும்பிய தகடு குழாயின் வாயை அடைத்துவிடும். மெதுவாகப் போகும்போது போதுமான பெற்றோல் வரும். காலை அழுத்தினால் வராது. நசுங்கல் குழாயையே மேல்நோக்கி வளைத்திருந்தால் எதிர்மாறாக நடக்கும்: தாங்கி நிறைந்திருக்கும்போது வண்டி நன்றாக ஓடும், கால்வாசிக்கு வந்ததும் வளைவுகளில் திணறும்.

மொரிஸ், ஒஸ்டின் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. அவற்றின் எஸ்.யூ. (SU) மின்சாரப் பெற்றோல் பம்ப் தன் குறையைத் தானே சொல்லும். சாவியைத் திருப்பியதும் சிறிது நேரம் "டிக் டிக்" என்று அடித்து, காபரேட்டர் நிறைந்ததும் ஓய வேண்டும். ஓயாமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் அது காற்றை உறிஞ்சுகிறது. தாங்கி காலியாக இருக்க வேண்டும், அல்லது குழாயின் நுனி பெற்றோலுக்கு மேலே நிற்க வேண்டும், அல்லது தாங்கிக்கும் பம்புக்கும் நடுவில் குழாய் வெடித்திருக்க வேண்டும். பெற்றோல் ஊற்றிய பின்னும் அடி ஓயவில்லையென்றால் குழாயைத் தேடுங்கள். கல் தாங்கியில் பட்ட அதே வேகத்தில் அருகிலுள்ள உலோகக் குழாயையும் நசுக்கியிருக்கும். தாங்கியை இறக்குவதற்கு முன் அதைக் கைவிரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: பெற்றோல் மணம், ஆனால் ஈரம் தெரியவில்லை

தாங்கியை நிறைத்த அன்று மட்டும் மணந்து, பாதியானதும் நின்றுவிட்டால் குறை மேல்பக்கத்தில்: நிரப்புவாயின் ரப்பர் ஹோஸ், மிதவையின் கஸ்கட், அல்லது நசுங்கலால் இழுபட்ட மேல் மூட்டு. எப்போதும் மணந்தால் கீழே. சந்தேகமான இடத்தைத் துடைத்து உலர்த்தி, சுண்ணக்கட்டியைத் தூளாக்கித் தடவிவிட்டு, மறுநாள் காலை பாருங்கள். பெற்றோல் பட்ட இடத்தில் தூள் கறை பிடித்து நிறம் மாறியிருக்கும்.

டிக்கிக்குள் மணந்தால் தாமதிக்காதீர்கள். மொரிஸ் மைனரில் தாங்கி டிக்கியின் தளத்தோடு சேர்ந்தே இருக்கிறது. மேல் கஸ்கட்டில் வரும் ஆவி டிக்கிக்குள் அடைபட்டுக் கிடக்கும். அங்கிருந்து பின்னிருக்கைப் பக்கம் வரும். பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அப்படி ஓட வேண்டாம்.

அறிகுறி: நசுங்கலின் மடிப்பில் ஈரம், சொட்டு

இங்கே வண்டி நிற்க வேண்டும். வழியில் அகப்பட்டுக்கொண்டால், கட்டிச் சவர்க்காரத்தைக் கசிவின் மேல் அழுத்தித் தேய்த்து அடைப்பது பழைய டிரைவர்களின் வழி. சவர்க்காரம் பெற்றோலில் எளிதில் கரையாது; வீடு வரும்வரை பிடிக்கும். மழைநீர் பட்டால் கரைந்துவிடும், அதனால் மாரியில் நம்ப முடியாது. பெற்றோலுக்கென்றே செய்த எபொக்சிக் களி சற்று நீண்ட நாள் தாங்கும். சாதாரண சிலிக்கோன் பசையைப் பூசாதீர்கள். பெற்றோலில் ஊறி, வீங்கி, உரிந்துவிடும். உரிந்த துண்டு உள்ளே போனால் அடுத்த தொல்லை.

எந்தப் பசையும் வெடித்த மடிப்புக்கு நிரந்தர மருந்து இல்லை. வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அந்த மடிப்பு அசைகிறது. தாங்கியை இறக்கித் திருத்துங்கள், அல்லது மாற்றுங்கள்.

அறிகுறி: பில்டரில் பழுப்புத்தூள், அல்லது தண்ணீர்

2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இது அதிகம். மூச்சுக்குழாய் வழியே நீர் புகுந்து, பெற்றோலைவிடப் பாரமானதால் அடியில் தங்கி, உள்ளிருந்தே கறளாக்குகிறது. நசுங்கிய தாங்கியில் அடித்தளம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் வடிகால் திருகாணியைத் திறந்தாலும் முழு நீரும் வெளியேறாது; மேட்டுக்கு அந்தப்பக்கம் தேங்கிவிடும். வடித்த பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள், நீர் கீழே தனியாகப் பிரியும்.

மேலோட்டமான கறளென்றால், கழற்றிக் கழுவிய தாங்கிக்குள் ஒரு லீற்றர் வெந்நீருக்கு 100 கிராம் என்ற அளவில் சிற்றிக் அமிலம் கரைத்து ஊற்றி, ஓரிரவு விட்டு, அவ்வப்போது புரட்டுங்கள். ஈயம் பற்றவைத்த மூட்டுகள் உள்ள தாங்கியில் இவ்வளவு நேரம் விட வேண்டாம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பிறகு அப்பச்சோடா கலந்த நீரால் அலசி, உடனே உலர்த்தி, சிறிது எண்ணெய் கலந்த பெற்றோலைச் சுழற்றிவிடுங்கள். ஈரமாக ஓர் இரவு விட்டால் மறுபடி சிவக்கும். குளியலறைக்கு வாங்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தொடாதீர்கள். கறளோடு தகட்டையும், பழைய தாங்கிகளின் உட்பக்கத்தில் இருக்கும் ஈய வெள்ளீயப் பூச்சையும் அது தின்றுவிடும். ஆணி முனையால் அழுத்தினால் தகடு இறங்குகிறது என்றால் கழுவி நேரத்தை வீணாக்க வேண்டாம். அந்தத் தாங்கியின் காலம் முடிந்துவிட்டது.

நிமிர்த்தியே ஆக வேண்டுமென்றால்

உறிஞ்சுகுழாயை அடைக்கும் நசுங்கலையும் வெற்றிடத்தால் உள்வாங்கிய முகத்தையும் நிமிர்த்துவதில் பொருள் உண்டு. கூரான மடிப்பு உள்ளதை நிமிர்த்தினால் வெடிக்கும் என்று எண்ணியே கைவையுங்கள்.

பல இடங்களில் கொம்பிரசர் காற்றை அடித்து நிமிர்த்துகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 30 சென்ரிமீற்றர் நீள அகலமுள்ள ஒரு முகத்தில் வெறும் 1 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல்) அழுத்தமே 63 கிலோ சுமை. ரயருக்கு அடிக்கும் 30 பிஎஸ்ஐ என்றால் ஏறத்தாழ 1,900 கிலோ, அதாவது இரண்டு மொரிஸ் மைனர்களின் எடைக்கும் மேல். மூட்டு பிரிந்தால் அமுங்கியிருந்த காற்று விரிந்து தகட்டைக் குண்டுச் சிதறலாக எறியும்.

தண்ணீர் அப்படி விரியாது. ஆகவே நீர்நிரலால், அதாவது உயர நிற்கும் நீரின் அழுத்தத்தால், நிமிர்த்துவதையே நான் விரும்புகிறேன். தாங்கியைக் கழற்றிப் பலமுறை கழுவி, மற்ற வாய்களை அடைத்து, ஒரு வாயில் ஒளி ஊடுருவும் நீண்ட ஹோஸைப் பொருத்துங்கள். தாங்கியைப் பலகைமேல் வைத்து, உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல் நீரால் நிரப்பி, ஹோஸையும் நிரப்பி மெல்ல மேலே உயர்த்துங்கள். நீர்மட்டம் ஒரு மீற்றர் உயரும்போது ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 100 கிராம் அழுத்தம் ஏறும். 20 சென்ரிமீற்றர் சதுர நசுங்கலில் அது 40 கிலோ தள்ளல். ஹோஸின் உயரத்துக்கு மேல் அழுத்தம் ஒருபோதும் போகாது என்பதே இந்த முறையின் நன்மை. நசுங்காத முகங்கள் புடைக்காதபடி இருபுறமும் பலகை கொடுத்துக் கட்டுங்கள். உள்வாங்கிய முகம் பெரும்பாலும் ஒன்றரை மீற்றருக்குள் "டப்" என்று வெளியே வந்துவிடும். அதே நீர்நிரலோடு அரை மணி நேரம் விட்டால் கசிவுச் சோதனையும் முடிந்துவிடுகிறது.

மிதவையின் துளை பெரிதாக இருந்தால், அதன் வழியே வளைந்த மரக்கட்டையை விட்டு மெல்ல நெம்பலாம். முழுதாக நிமிர வேண்டியதில்லை. குழாய்க்கு இடைவெளி கிடைத்ததும் நிறுத்துங்கள்.

வெல்டிங்

இதைப் பற்றி மனம் பதறியே எழுதுகிறேன். கழுவிவிட்டோம், மணமில்லை என்று எண்ணிச் சுவாலையைக் காட்டி உயிரையும் கைகால்களையும் இழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. மூட்டு மடிப்புகளுக்குள்ளும் கறளுக்குள்ளும் ஒட்டியிருக்கும் எச்சம் சூடேறியதும் புதிதாக ஆவி விடும். டீசல் தாங்கி என்றாலும் இதே கதை. குளிர்ந்த டீசல் எளிதில் தீப்பிடிக்காது, சூடேறிய தாங்கிக்குள் அது ஆவியாகும்.

வண்டியின் சைலன்சரிலிருந்து ஹோஸ் போட்டுப் புகையைத் தாங்கிக்குள் விட்டால் பாதுகாப்பு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நம்பாதீர்கள். பழைய எஞ்சினின் புகையில் எரியாத பெற்றோலும் காபனோரொட்சைட்டும் இருக்கும். உள்ளே ஒட்சிசன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளக்க யாரிடமும் கருவி இல்லை.

கொடுப்பதென்றால் தாங்கி திருத்துவதையே வழக்கமாகச் செய்யும் ஒருவரிடம் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: "பாஸ், எப்படிக் கழுவுவீர்கள்? உள்ளே எதை நிரப்புவீர்கள்?" சவர்க்காரத் தூள் கலந்த கொதிநீரால் பலமுறை கழுவி, நீராவி விட்டு, வேலை செய்யும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பி, வாயைத் திறந்து வைத்துச் செய்வேன் என்றோ, நைதரசன், ஆகன் போன்ற வாயுவைத் தொடர்ந்து விட்டுச் செய்வேன் என்றோ சொன்னால் அவருக்கு வேலை தெரியும். "அதெல்லாம் தேவையில்லை, பயப்படாதீர்கள்" என்றால் தாங்கியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வருந்திச் சொல்கிறேன், அந்தக் கடையில் நிற்கும் சிறு பையனுக்காகவும்தான்.

சிறு துளைகளுக்கு வெல்டிங் தேவையே இல்லை. தூரத்தில் சூடாக்கிய செப்புக் கட்டையால் ஈயம் பற்றவைத்தால் போதும். அதற்கும் கழுவுதல், நீர் நிரப்புதல் எல்லாம் அப்படியே வேண்டும், ஏனென்றால் கட்டையின் சூடும் பெற்றோல் ஆவியைப் பற்றவைக்கப் போதுமானது.

மாற்றுவது

மடிப்பில் வெடிப்பு, பட்டிக்குக் கீழே ஓட்டை, உள்ளே கறள் என்று இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் திருத்தத்துக்குச் செலவழிக்காதீர்கள். பழைய தாங்கி கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் கிடைக்கலாம். போகும்போது உங்கள் தாங்கியின் படத்தோடு அளவுகளையும் கொண்டு போங்கள்: நிரப்புவாய் எந்தப் பக்கம், மிதவைத் துளைக்கு எத்தனை திருகாணி, திரும்பிவரும் குழாய் இருக்கிறதா. ஒரே பெயருள்ள காரிலும் செடானுக்கும் ஸ்டேஷன் வாகனுக்கும் தாங்கி வேறாக இருக்கலாம். மலைநாட்டுப் பக்கம் ஓடிய வண்டியின் தாங்கி கிடைத்தால் முன்னுரிமை கொடுங்கள், அது உப்பைக் கண்டிருக்காது. எல்ஈடி டோர்ச்சால் உள்ளே பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். வெளியே புதுப்பெயின்ற் அடித்து விற்பது வழக்கம். உள்ளே பெயின்ற் அடிக்க முடியாது.

கிடைக்காவிட்டால் தகட்டு வேலை தெரிந்தவரிடம் புதிதாகச் செய்விக்கலாம். உள்ளே துளையிட்ட தடுப்புத் தகடு வைக்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது பெற்றோல் ஒரு பக்கம் பாய்ந்து மூட்டுகளை அறையும். உறிஞ்சுகுழாயின் நுனியைப் பழைய தாங்கியில் இருந்த அதே உயரத்தில் வைக்க வேண்டும். மூச்சுக்குழாயை மறந்துவிட்டுச் செய்துதருவது உண்டு, வாங்கும்போதே பாருங்கள்.

பூட்டும்போது கஸ்கட், ஹோஸ், கிளிப், பட்டி ரப்பர் எல்லாம் புதிது போடுங்கள். ஹோஸ் பெற்றோலுக்குரியதாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் சில மாதத்தில் இறுகி வெடிக்கும். எர்த் வயரின் முனையைச் சுரண்டிப் பளபளப்பாக்கிப் பூட்டி, மேலே கிரீஸ் தடவுங்கள். முதலில் ஐந்து லீற்றர் மட்டும் ஊற்றி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் முழுதாக நிறைத்து, வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்கவும் பிறகு பள்ளத்தைப் பார்க்கவும் நிறுத்தி மேல் மூட்டுகளைச் சோதியுங்கள். பில்டரைப் புதிதாகப் போட்டு, சில வாரத்தில் மறுபடி மாற்றுங்கள்.

கழுவிய நீரையும் பழைய பெற்றோலையும் நிலத்தில் ஊற்றாதீர்கள். கடற்கரை மணலில் கிணற்று நீர் சில அடிகளுக்குக் கீழேயே நிற்கிறது. ஒரு கோப்பை பெற்றோல் உங்கள் கிணற்றையும் பக்கத்து வீட்டுக் கிணற்றையும் கெடுத்துவிடும். மூடிய கானில் சேர்த்து, கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

பழைய இரும்பு வாங்க வருபவரிடம் கழற்றிய தாங்கியை அப்படியே தூக்கிக் கொடுக்க வேண்டாம். அதை எங்கோ ஓரிடத்தில் யாரோ ஒருவர் காஸ் சுவாலையால் வெட்டப்போகிறார். சவர்க்கார நீரால் நன்றாகக் கழுவி, எல்லா மூடிகளையும் மிதவையையும் எடுத்துவிட்டுச் சில நாள் வெயிலில் வாய் திறந்து கிடக்க விடுங்கள். கொடுக்கும்போது அது பெற்றோல் தாங்கி என்று வாய்விட்டுச் சொல்லி, தகட்டின் மேலும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.